நின்று வாசித்த நான்கு பார்

1944 பிப்ரவரி 8, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினேன். தம்ளரில் தண்ணீர் மொண்டு அதில் ரீடைப் போட்டேன். ரீட் என்பது சாக்ஸபோனின் வாயில் பொருத்தும் மெல்லிய நாணல் சீவல். அது நனையாமல் வாத்தியம் பேசாது. அது நனைவதற்குள் பல் துலக்கி முகம் கழுவினேன். பிறகு வாத்தியத்தைக் கழுத்து வாரில் மாட்டிக்கொண்டு கொல்லைச் சுவருக்கு எதிரே நின்று, ஒவ்வொரு சுரமாக மூச்சு முடியும் வரை நீட்டி ஊதினேன். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள் வழக்கம்போல் வாளியைக் கல்லின் மேல் ஓங்கி வைத்தார். அது எனக்கான வசவு. நானும் வழக்கம்போல் அடுத்த சுரத்துக்குப் போனேன்.

இந்த நீட்டுச் சாதகத்தை நான் ஒருநாளும் உட்கார்ந்து செய்ததில்லை. முதல் நாற்காலிக்காரன், அதாவது வாத்திய வரிசையின் தலைவன், நின்று பழக வேண்டும் என்பது கொழும்பில் எனக்கு வாய்த்த மாஸ்டரின் கட்டளை. அப்போது நான் குடியிருந்த திருக்கோகர்ணத்தில் என்னை முதல் நாற்காலியில் உட்கார வைக்க ஒருவரும் இல்லை. ஆனாலும் நின்றுதான் ஊதினேன். அன்றைக்கு அதற்கு ஒரு காரணமும் இருந்தது. திருச்சியிலிருந்து ஒருவர் என் வாசிப்பைக் கேட்க வருவதாக இருந்தார்.

அவர் ஒரு நடன ஆர்கெஸ்ட்ரா நடத்துபவர், பியானோக்காரர். பட்டாளத்து ஆபீசர்களின் கிளப்புகளில் வாரம் மூன்று நாள் அவர்களுக்கு வாசிப்பு. பன்னிரண்டு பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ராவில் முதல் சாக்ஸபோன் நாற்காலி காலியாகியிருந்தது. என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, புதுக்கோட்டையில் அன்று மாலை நடக்கும் விருந்துக்கு வந்து கேட்டுவிட்டு, மறுநாள் காலை ரயிலில் திரும்புவதாகக் கார்டு போட்டிருந்தார். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. அதைவிட்டால் வேறு நாற்காலி வராது என்று எனக்குத் தெரியும்.

அந்த நாற்காலியின் அருமையைச் சொல்லிவிடுகிறேன். இலுப்பூருக்குப் பக்கத்தில் பிறந்தவன் நான். பதினேழு வயதில் கிளாரிநெட் கையில் எடுத்து, கல்யாண ஊர்வலங்களில் தூசியைத் தின்றுகொண்டே பல வருஷம் நடந்தேன். முப்பத்து நான்காவது வயதில் கொழும்புக்குப் போனேன். அங்கே ஒரு ஹோட்டல் ஆர்கெஸ்ட்ராவில் சாக்ஸபோன் மட்டும் நான்கு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து வாசித்தார்கள். முதல் ஆள் மூச்சு எடுக்கும் இடத்தில்தான் மற்ற மூவரும் எடுக்க வேண்டும். தனி வாசிப்பு வரும்போது முதல் ஆள் எழுந்து நிற்பான். விளக்கை அவன்மேல் திருப்புவார்கள். முடித்ததும் உட்காருவான். நான் முதலில் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். மூன்றாவது ஆள் சாம்பாரில் போட்ட பெருங்காயம் மாதிரி. இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால்தான் தெரியும். அங்கிருந்து முதல் நாற்காலிக்கு நகர ஐந்து வருஷம் பிடித்தது. நகர்ந்து நன்றாக உட்காருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. நாங்கள் வாசித்த நடன ஹாலில் பட்டாளத்து மூட்டைகளை அடுக்கினார்கள். கப்பலும் ரயிலுமாக ஊர் வந்து சேர்ந்தேன்.

ஊரில் எனக்கு இருந்த ஒரே பிழைப்பு என் மனைவியின் அண்ணன் நடத்திய பேண்டு. அவர் கார்னெட் என்ற சின்னப் பித்தளை எக்காளம் வாசிப்பார். பத்துப் பேர் கொண்ட செட் அது. கல்யாணம், சாமி புறப்பாடு, சமஸ்தானத்து அதிகாரிகளின் விருந்து எல்லாவற்றுக்கும் போகும். என்னை அவர் வேண்டா வெறுப்பாகத்தான் சேர்த்துக்கொண்டார். வந்த முதல் நாளே, "கொழும்புல இப்படி வாசிக்க மாட்டாங்க மச்சான்" என்று நான் சொன்னது உண்மை. சொன்னதில் பிழையும் இல்லை. இரண்டு கிளாரிநெட்டுகளும் ஒன்றுக்கொன்று சுருதி சேராமல் இரண்டு வீட்டுக் கதவு மாதிரி கிறீச்சிட்டன.

அன்றிலிருந்து அவருக்கு என் வாத்தியம் 'ஹூக்கா' ஆயிற்று. வளைந்த குழாயைப் பார்த்துச் சொன்ன பெயர். செட்டு முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. கடைத்தெருவில் நடந்து போனால், "ஹூக்காக்காரரே, புகை வருதா?" என்று கேட்பார்கள். இரண்டு வருஷத்தில் ஒருவராவது வேறு கேள்வி கேட்டதில்லை.

இப்போது அந்தப் பேண்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் வரும் விழா எதுவானாலும் கடைசியில் ராஜ வாழ்த்து வாசிப்பார்கள். வாத்தியக்காரர்கள் எழுந்து நின்றுதான் அதை வாசிக்க வேண்டும். சபையும் எழுந்து நிற்கும். வாழ்த்து முடிந்தால் விழா முடிந்தது. அதற்குப் பிறகு யாரும் உட்காரக் கூடாது. ஆனால் எப்போது தொடங்குவது என்று யாரும் சைகை காட்டுவதில்லை. தலைமை விருந்தாளி புறப்பட எழும் அந்த நொடியே தொடங்கிவிட வேண்டும். அதற்காக எங்கள் சின்ன டிரம் வாசிக்கும் பாய், பேண்டு மாஸ்டரான மச்சானைப் பார்ப்பதே இல்லை. விருந்தாளியின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். மாலைக்கும் பேச்சுக்கும் அழைப்புச் சொல்லித்தான் எழுப்புவார்கள்; சொல்லாமல் முழங்கால் நிமிர்ந்தால் டிரம்மில் உருட்டு. உருட்டைக் கேட்டால் கார்னெட்டுகள் வாழ்த்தை எடுக்கும். முப்பது வருஷமாக இதில் அவர் ஒருமுறைகூடத் தவறியதில்லை என்று எல்லோரும் பெருமை பேசுவார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை விருந்து, மாற்றலாகிப் போகும் ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்குப் பிரிவுபசாரமாக ஏற்பாடானது. அவருடைய மனைவி ஒரு நடன மெட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். செட்டில் அதை எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மச்சான் வேறு வழியில்லாமல் என் வீட்டுக்கு வந்தார். வாசற்படியைத் தாண்டவில்லை.

"மாப்பிள்ள, ஒரு ஃபாக்ஸ்ட்ராட் வேணுமாம். எழுதிக் குடுங்க."

"குடுக்குறேன். நடுவுல பதினாறு பார் சாக்ஸபோன் தனியா வரும்."

ஒரு பார் என்பது நான்கு தட்டு. பதினாறு பார் என்றால் ஒரு மனிதன் தன்னை யார் என்று சொல்லிக்கொள்ளப் போதுமான நேரம்.

"வரட்டும்," என்றார். "ஆனா ஒக்காந்துதான் ஊதணும்."

"தனியா வாசிக்கிறவன் எந்திரிச்சு நிக்கிறதுதான் முறை."

"எந்த ஊரு முறை? இங்கிட்டு நின்னு ஊதுனா ஊர்வலம். ஒக்காந்து ஊதுனா கச்சேரி. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க."

"கேக்க வர்றவங்களுக்குத் தெரியும்."

"கேக்க வர்றவங்க கேக்குத் திங்க வர்றவங்க, மாப்பிள்ள. ஒங்களப் பாக்க வரல."

சொல்லிவிட்டுத் தங்கையைக்கூடக் கூப்பிடாமல் போய்விட்டார். திருச்சிக்காரர் வருவதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது.

ஒத்திகை ஒரு அரிசி ஆலையின் கிடங்கில் நடந்தது. தவிட்டுத் தூசியில் ஊத முடியாமல் ஆளாளுக்கு இருமினார்கள். என் பதினாறு பார் வந்தபோது எழுந்து நின்றேன். மச்சான் கார்னெட்டை இறக்கி, வாசிப்பை நிறுத்தினார்.

"ஒக்காருங்க."

"முடியாது மச்சான்."

"பாய், இவரு எந்திரிச்சா ஒங்களுக்கு என்ன தோணுது?"

பாய் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். "எனக்கென்னங்க தோணப்போவுது? நான் எங்க இவரப் பாக்கப்போறேன். என் கண்ணு பெரியவரு மேலதான் இருக்கும்."

"அப்பப் பிரச்சினையே இல்ல," என்றேன் நான். சொல்லும்போது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.  மச்சான் "செஞ்சு பாருங்க" என்று மட்டும் சொன்னார். அதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்வதா, சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா என்று கேட்கும் உறவு எங்களுக்குள் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கே வருகிறேன். சாதகம் முடித்துக் குளித்து, பழைய சோறு சாப்பிட்டேன். யுத்தத்தால் புது ரீட் கிடைக்காது. என்னிடம் இருந்த கடைசி நல்ல ரீடின் நுனியைப் பிளேடால் ஒரு மயிரளவு நறுக்கி, சிலேட்டில் தேய்த்துச் சரிசெய்தேன். வாத்தியத்தின் மூடிகளுக்கு எண்ணெய் போட்டேன். பிற்பகலில் பேண்டுக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். சிவப்புக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள். கோட்டுகள் எல்லாமே மச்சானின் சொத்து, அவருடைய தோளுக்கு அளவெடுத்துத் தைத்தவை. எனக்குக் கையைத் தூக்கினால் அக்குள் பிடிக்கும். மனைவி தையலைக் கொஞ்சம் பிரித்து விட்டிருந்தாள். பிரித்துக் கொடுக்கும்போது, "அண்ணன்கிட்டச் சொல்லிறாதீங்க" என்றாள்.

"சொன்னா என்ன?"

"ஒங்களுக்குத் துணியப் பிரிச்சேன்னு இருக்கட்டும். குடும்பத்தப் பிரிச்சேன்னு வேணாம்."

அவள் பேச்சில் எப்போதும் ஊசி இருக்கும்.

பந்தல் ஊர் நடுவே மைதானத்தில் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் மெத்தை நாற்காலிகள், பின்னால் மர நாற்காலிகள், அதற்கும் பின்னால் பெஞ்சு. ஒரு பக்கத்தில் நீண்ட மேஜை. அதன்மேல் மஸ்லின் துணி மூடிய தட்டுகள். சர்க்கரைக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். கேக் தயாராகியிருக்கிறது என்ற செய்தி ஒரு வாரமாக ஊரில் உலவியது. அழைப்பு உள்ளவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அழைப்பு இல்லாதவர்களும் அங்கவஸ்திரத்தோடு வந்திருந்தார்கள். வாசிப்பு நடக்கும்போதெல்லாம் அத்தனை கண்களும் மஸ்லின் மேல்தான் இருந்தன.

திருச்சிக்காரரைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்தது. கடைசி பெஞ்சின் ஓரத்தில், வெள்ளை பேண்ட், மடியில் தொப்பி. அவர் ஒருவர்தான் மேஜையைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மார்ச் வாசித்தோம். ஒரு கீர்த்தனை வாசித்தோம். கிளாரிநெட்டுகள் வழக்கம்போல் சண்டை போட்டன. நிகழ்ச்சி முறைப்படி, நடன மெட்டுக்குப் பிறகு உபசாரப் பத்திரம் படிப்பார்கள். பிறகு மாலை, பிறகு அதிகாரி பேசுவார், பிறகு தேநீர், கடைசியில் வாழ்த்து. மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்து, பல்லுக்கு நடுவில், "ஒக்காந்து," என்றார். பிறகு கார்னெட்டை உதட்டில் வைத்துத் தொடங்கினார்.

முதல் பகுதி நான் எழுதியபடியே வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் விழுந்துவிடவில்லை. அதிகாரியின் மனைவி செருப்பு நுனியால் தாளம் போட்டதைப் பார்த்தேன். என் இடம் வந்தது. எழுந்து நின்றேன்.

முதல் பாரில் பிழையில்லை. நான் நினைத்த சத்தம், நினைத்த இடத்தில், நினைத்த கனத்தில் வந்தது. இரண்டு வருஷமாகச் சுவருக்கு ஊதியது வீண் போகவில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு ஒரு பார் நீடித்தது.

இரண்டாவது பாரில், முன்வரிசையில் தலைப்பாகை கட்டியிருந்த ஒரு வக்கீல் எழுந்தார். அவர் மஸ்லினையே பார்த்துக்கொண்டிருந்தவர். கண்ணைத் திருப்பினபோது வாத்தியக்காரன் ஒருவன் நிற்பது தெரிந்திருக்கிறது. வாத்தியக்காரன் நின்றால் வாழ்த்து. வாழ்த்துக்கு உட்கார்ந்திருந்தான் என்ற கெட்ட பெயர் யுத்த காலத்தில் யாருக்கு வேண்டும்? அவர் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவர்கள் எழுந்தார்கள். அவர்கள் பின்னால் இருந்தவர்கள், தாங்கள் கடைசியாகிவிடக் கூடாதே என்று நாற்காலி உருள எழுந்தார்கள். பந்தல் முழுவதும், பெஞ்சு வரைக்கும், கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்து விறைத்து நின்றது. ஒரு ஃபாக்ஸ்ட்ராட்டுக்கு.

மூன்றாவது பாரில் அதிகாரி திரும்பிப் பார்த்தார். தனக்காகக் கூடிய சபை முழுவதும் நிற்கிறது, தான் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம் என்று கண்டார். மரியாதை தெரிந்த மனிதர். கையிலிருந்த நிகழ்ச்சித் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

முழங்கால் நிமிர்ந்தது.

நான்காவது பாரில் பாய் உருட்டினார். கார்னெட்டுகள் இரண்டும் வாழ்த்தை எடுத்தன. மச்சானின் கார்னெட்டும்தான். கை பழகிய பழக்கம், அவரையே கேட்கவில்லை. உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் எழுந்துவிட்டார்கள். நான் மட்டும் என் ஐந்தாவது பாரை வாசித்தேன் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். அது பொய். நான் நிறுத்திவிட்டேன். வாழ்த்தின் நடுவே வேறு சுரம் ஊதும் அளவுக்கு நான் முறை கெட்டவன் இல்லை.

வாழ்த்து முடிந்தது.  அதற்குப் பிறகு யார் உட்காருவது? அதிகாரி உட்காரவில்லை. அவர் உட்காராததால் யாரும் உட்காரவில்லை. உபசாரப் பத்திரத்தைச் சுருட்டி வைத்திருந்தவர் அதை நீட்டுவதா வேண்டாமா என்று பாதிக் கையை நீட்டியபடி நின்றார். அதிகாரி அவர் கையைக் குலுக்கினார், சுருளோடு சேர்த்து. அருகிலிருந்த நாலைந்து பேருக்கும் கை கொடுத்தார். மனைவியை அழைத்துக்கொண்டு காரில் ஏறினார். கார் போய்விட்டது. தலைமை விருந்தாளி போன பிறகு மேஜையைத் தொடுவது மரியாதை இல்லை என்று யாரோ தீர்மானித்திருக்க வேண்டும். சேவகர்கள் தட்டுகளை மஸ்லினோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். சபை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு சவ ஊர்வலத்தைக்கூட அந்த ஊர் அவ்வளவு துக்கத்தோடு வழியனுப்பி நான் பார்த்ததில்லை.

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"அரிமளத்துலேருந்து கரி போட்டு ஓட்டுற பஸ்ஸுல வந்தேன்யா, ரெண்டு எடத்துல எறங்கித் தள்ளிக்கிட்டு," என்று ஒருவர் கத்தினார். "ஒரு துண்டு கேக்கு வாயில வைக்கல. நல்லா இருப்பியா நீ?"

"ஹூக்காக்காரருக்கு அவசரமாம்பா. வீட்டுல அடுப்புல பாலு வச்சிட்டு வந்திருக்காரு."

"கொழும்புல குண்டு போட்ட ஜப்பான்காரன் குறி தப்பிட்டான்."

இதற்கு எல்லோரும் சிரித்தார்கள். வக்கீலும் சிரித்தார். முதலில் எழுந்த மனிதர் அவர். அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பந்தலுக்குப் பின்னால் மச்சான் காத்திருந்தார். செட்டு முழுவதும் அரைவட்டமாக நின்றது.

"மாப்பிள்ள, கோட்டக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"என் கோட்டு. என் பேண்டு. கழட்டுங்கன்னா கழட்டணும்."

"நான் எந்திரிச்சேன், ஒத்துக்கிறேன். உருட்டுனது யாரு? வாழ்த்த எடுத்தது யாரு? ஒங்க கார்னெட்டுதானே மொதல்ல கேட்டுச்சு?"

பாய் முன்னால் வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "பெரியவரு எந்திரிச்சாரு, உருட்டினேன். என்மேல என்ன தப்பு சொல்லுங்க? முப்பது வருசத்துல ஒருநா தப்பியிருக்கேனா?"

"இன்னைக்கும் தப்பல பாய்," என்றார் மச்சான். "இன்னைக்குந்தான் நீங்க சரியா உருட்டுனீங்க. எல்லாரும் சரியாத்தான் செஞ்சோம். ஒருத்தர் மட்டும் எந்திரிச்சாரு. கழட்டுங்க மாப்பிள்ள."

கழற்றினேன். மனைவி பிரித்திருந்த தையல் கழற்றும்போது இன்னும் கிழிந்தது. மச்சான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அக்குளைப் பார்த்தார். யாருடைய ஊசி வேலை என்று அவருக்குப் புரிந்தது. கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அது எனக்கு மற்ற எல்லாப் பேச்சையும்விடக் கடுமையாக இருந்தது.

இன்றுவரை அன்றைய தவறு என்னுடையது என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஊரே ஒருவரை ஒருவர் பார்த்து எழுந்து நின்றால், முதலில் நின்றவன் என்ன செய்வான்?

பனியனோடு வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராஜவீதி வழியாக நடந்தேன். விளக்கு ஏற்றும் நேரம். திருச்சிக்காரரை ஒரு காப்பி கிளப்பின் முன் பெஞ்சில் பிடித்தேன். டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பனியனைப் பார்த்தார். உட்காரச் சொல்லவில்லை.

"நான்தான் கார்டுல..." என்று தொடங்கினேன்.

"தெரியுது. ஊருக்கே தெரியும் இப்ப."

"நாலு பார்தான் கேட்டீங்க. மிச்சம் பன்னெண்டு இருக்கு. இங்கயே வாசிக்கிறேன்."

"வேணாம், வேணாம். ஓட்டல்ல இருக்கிறவனெல்லாம் எந்திரிச்சிருவான். எனக்கு இன்னும் காப்பி வரல."

பெஞ்சில் இருந்த இன்னொருவர் சிரித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "இங்க பாருங்க. முதல் ஆள் எந்திரிச்சா ஹால் ஆடணும். நீங்க எந்திரிச்சா ஹாலு அட்டென்ஷன்ல நிக்குது. நாளைக்கு என் கிளப்புல ஒரு கர்னல் ஒங்களப் பாத்து சல்யூட் அடிச்சுட்டான்னா என் பொழப்பு போயிரும்."

"அது இந்த ஊர்ப் பழக்கம். அங்க அப்படி ஆகாது."

"ஆகாதுதான். ஆனா எனக்கு ஒங்களப் பாத்தா இனிமே அதுதான் ஞாபகம் வரும். வரிசையில இருக்கிற எல்லாருக்கும் நான் சொல்லித்தான் தீருவேன், சொல்லாம இருக்க முடியாது. அவங்க சிரிப்பாங்க. சிரிப்பு வர்ற ஆள முதல்ல நிறுத்த முடியாது." காப்பி வந்தது. ஆற்றினார். "சத்தம் நல்ல சத்தம். நாலு பார்ல தெரிஞ்சுது. தனியா நிக்கிற சத்தம் இல்ல, மத்தவங்களோட கலக்குற சத்தம். இப்ப மூணாவதுல இருக்கிறவன முதலுக்கு ஏத்திடுறேன். மூணாவது நாற்காலி ஒங்களுக்கு. மூணாவது ஆளுக்கு எந்திரிக்கிற வேலையே கெடையாது. சரின்னா காலையில ரயிலுக்கு வந்து சொல்லுங்க. இல்லேன்னா வராதீங்க, வந்து காரணம் சொல்ல வேணாம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஐந்து வருஷம் தாண்டி வந்த நாற்காலிக்குத் திரும்பிப் போகச் சொன்னார். எனக்குப் பின்னால் அவர் பக்கத்திலிருந்தவரிடம், "நாலே பார், சார், கேளுங்க" என்று கதையைத் தொடங்குவது காதில் விழுந்தது.

வீட்டுக்கு நான் வருவதற்கு முன்பே செய்தி வந்திருந்தது. மனைவி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனாள். தட்டு வைத்தாள். சோறு போட்டாள். எனக்கு எதிரே நின்றாள்.

"கோட்டு எங்க?"

"ஒங்கண்ணன் வாங்கிட்டாரு."

"தையலப் பாத்தாரா?"

"பாத்தாரு."

 "நானும் சேந்து நின்னாப்புல ஆயிருச்சு," என்றாள். "ஒக்காந்தா என்ன கொறஞ்சு போச்சு ஒங்களுக்கு? ஒக்காந்து ஊதுனா சத்தம் வராதா?"

"அந்தத் திருச்சிக்காரர் என்னப் பாக்கணும்னு..."

"பாத்தாருல்ல? என்ன சொன்னாரு?"

சொன்னேன். மூன்றாவது நாற்காலி என்றேன். மூன்றாவது ஆள் எழுவதே இல்லை, முழுக்க உட்கார்ந்துதான் என்றேன்.

அவள் மோர்ச் சட்டியைக் கீழே வைத்தாள். "ஒக்காந்து ஊதுறதுக்குத் திருச்சி வரைக்கும் போகணுமா? அதத்தானேங்க எங்கண்ணன் வாசப்படியில நின்னு சொன்னாரு?"

 கொழும்பு மாஸ்டர் இருந்திருந்தாலும் இதற்குப் பதில் சொல்லியிருக்க மாட்டார். சாப்பிட்டு எழுந்து கை கழுவினேன். வாத்தியத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். கடைசி நல்ல ரீட் விளிம்பில் பிளந்திருந்தது. பந்தலில் எப்போது பிளந்தது என்று தெரியவில்லை. அடுத்ததைத் தேடி எடுத்து, அதைத் தேய்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"போங்க," என்றாள், திரும்பாமலே. "இங்க இருந்தா எங்கண்ணனையும் பாக்கணும், ஒங்களையும் பாக்கணும். என்னால ஆகாது."

மறுநாள் காலை முதல் வேலையாக, பாயைச் சுருட்டும் முன்பே, அடுப்படியிலிருந்த முக்காலியை எடுத்துப் போய்க் கொல்லைச் சுவருக்கு எதிரே போட்டேன். ரயிலுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ரீடை நனைத்து மாட்டினேன். வாரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முக்காலியில் உட்கார்ந்து, முதல் சுரத்தை மூச்சு முடியும் வரை நீட்டி ஊதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாளி ஓங்கி விழுந்தது.